தாழ்த்திய காருக்கு ஸ்வே பார் பொருத்துவது: அளவெடுப்பதிலிருந்து முதல் ஓட்டம் வரை

ஸ்வே பார், ஸ்டெபிலைசர் பார், ஆன்டி-ரோல் பார் என்று மூன்று பெயரில் கேட்டிருப்பீர்கள். பொருள் ஒன்றுதான்: இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கும் ஒரு முறுக்குக் கம்பி. வளைவில் கார் சாயும்போது ஒரு சக்கரம் மேலே ஏறும், எதிர்ச்சக்கரம் கீழே இறங்கும். கம்பி முறுக்கிக்கொண்டு அந்தச் சாய்வைத் தடுக்கும். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கினால் கம்பிக்கு வேலையே இல்லை, அதைத் தாங்கும் ரப்பர் உறையான புஷ்ஷுக்குள் சும்மா சுழலும்.

கோலாலம்பூர் கெப்போங்கில் எங்கள் வீட்டுப் போர்ச்சில் என் புரோட்டோன் சாத்ரியா நியோவுக்கும், பிறகு உறவுக்காரப் பையன்களின் பெர்சோனா, வீரா கார்களுக்கும் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். போல்ட் கழற்றி மாட்டுவதில் யாரும் பெரிதாகத் தடுமாறுவதில்லை. தடுமாறுவது லிங்க் நீளத்தில், அதாவது பாரின் முனையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சிறு தண்டின் நீளத்தில். தாழ்த்தாத காரில் கம்பெனி வைத்த நீளமே சரியாக இருக்கும். தாழ்த்திய காரில் அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் கார் தன் நான்கு சக்கரத்தில் நிற்கும்போது. இந்தக் கட்டுரையில் பாதி அதைப் பற்றியதுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மைவி, சாகா போன்ற கார்களின் பின்பக்கம் டார்ஷன் பீம் வகை, அதாவது இரண்டு பின்சக்கரத்தையும் ஒரே குறுக்குச் சட்டம் இணைக்கும். அதற்கு விற்கும் பின் பார், பீமிலேயே நேராக முடுக்கப்படுவது, லிங்க் கிடையாது. அந்தக் கார்களின் முன்பக்கத்துக்கு மட்டும் கீழே உள்ளவை பொருந்தும்.

1. வாங்கும் முன் காரின் உயரத்தை முடிவு செய்யுங்கள்

பார் வாங்கி மாட்டிய அடுத்த வாரம் "இன்னும் ஒரு விரல் இறக்கலாமே" என்று தோன்றினால் செய்த வேலை எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து. உயரம் மாறினால் லிங்க் நீளமும் மாற வேண்டும். அதனால் உயரத்தை முதலில் முடித்துவிடுங்கள். ஸ்பிரிங் புதிதாக இருந்தால் இரண்டு வாரம் ஓட்டிப் படியவிடுங்கள்.

பிறகு சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இடதுக்கும் வலதுக்கும் 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கோணலாக நிற்கும் காரில் ஸ்வே பார் மாட்டினால், நேர்ச்சாலையிலேயே கம்பி முறுக்கத்தில் இருக்கும்.

2. லிங்க் எங்கே போகிறது என்று கண்ணால் பாருங்கள்

"லோவர் பண்ணின காருக்குக் குட்டை லிங்க் போடு" என்று எல்லாரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. அதை நம்பி வாங்கி, பிறகு பாரை டிரைவ் ஷாஃப்டில் (சக்கரத்தைச் சுற்றவைக்கும் தண்டில்) உரசவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். டார்ச் எடுத்துக்கொண்டு சக்கர வளைவுக்குள் பாருங்கள். இரண்டில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று, பார் மேலே இருந்து, லிங்க் கீழே இறங்கி லோவர் ஆர்மில் (சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் கையில்) சேரும் வகை. காரைத் தாழ்த்தினால், பாடியை வைத்துப் பார்க்கும்போது லோவர் ஆர்மின் வெளிமுனை மேலே ஏறுகிறது. லிங்க் பாரின் முனையை மேலே தள்ளுகிறது. பாரைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர இங்கே குட்டை லிங்க்தான் சரி.

இரண்டாவது, பார் கீழே இருந்து, லிங்க் மேலே போய் அப்சோர்பரில் உள்ள காதில் (துளையுள்ள சிறு தகட்டில்) சேரும் வகை. காரைத் தாழ்த்தினால் அந்தக் காது சக்கரத்தோடு மேலே ஏறி, பாரின் முனையை மேலே இழுக்கிறது. பழைய இடத்துக்கு வர இங்கே நீளமான லிங்க் வேண்டும். ஆனால் பாரின் கை (லிங்க் பக்கம் வளையும் முனைப்பகுதி) டிரைவ் ஷாஃப்டுக்கு மேலே போகும் கார் என்றால் கணக்கு மாறிவிடும். நீளமான லிங்க் பாரை ஷாஃப்ட் மேலேயே இறக்கிவிடும். அங்கே இடைவெளிதான் முதலில், அதனால் குட்டை லிங்க் போட வேண்டிவரும்.

உயரத்தைத் திருகி மாற்றும் ஹை-லோ பாடிஷிஃப்ட் அப்சோர்பர் போட்டவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். லிங்க் மாட்டும் காது அப்சோர்பர் குழாயில் இருக்கிறதா, அல்லது குழாய்க்கு அடியில் திருகி ஏற்றும் பிராக்கெட்டில் இருக்கிறதா? குழாயில் இருந்தால், பிராக்கெட்டைத் திருகி எவ்வளவு இறக்கினாலும் பாடியைப் பொறுத்துக் காது இருந்த இடத்திலேயே இருக்கும். லிங்க் நீளம் பெரிதாக மாற வேண்டியதில்லை. பிராக்கெட்டில் இருந்தால் இறக்கிய அளவு முழுக்கக் காதும் ஏறியிருக்கும். ஒரே மாடல் கார், ஒரே உயரம், ஆனாலும் இருவருக்கு வேறு நீளம் தேவைப்படுவதற்கு இதுதான் காரணம். நண்பன் என்ன நீளம் வைத்தான் என்று கேட்டு வாங்காதீர்கள்.

முடிவாக, இரண்டு முனையிலும் மரை உள்ள, நீளத்தை மாற்றக்கூடிய லிங்க் ஒரு ஜோடி வாங்குங்கள். இப்போதுள்ள லிங்க்கின் ஒரு போல்ட் நடுவிலிருந்து மறு போல்ட் நடுவரை அளந்து, அந்த அளவு புதிய லிங்க்கின் திருகு வரம்புக்கு நடுவில் வருமாறு பார்த்து வாங்குங்கள். இரு பக்கமும் போக இடம் இருக்கும்.

3. எவ்வளவு தடிமன்?

கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். கேட்க 3 மி.மீ. சின்னதாகத் தோன்றும். ஆனால் 19 மி.மீ. முழுக்கம்பியிலிருந்து 22 மி.மீ.க்குப் போனால் விறைப்பு ஏறக்குறைய 80 சதவீதம் கூடுகிறது. 22-லிருந்து 24-க்குப் போனால் 40 சதவீதத்துக்கு மேல். குழாய் வடிவப் பார் என்றால் வெளிவிட்டத்தை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது: 25 மி.மீ. வெளிவிட்டமும் 3 மி.மீ. சுவரும் உள்ள குழாய், 22.6 மி.மீ. முழுக்கம்பிக்குத்தான் சமம்.

தாழ்த்திய காருக்கு ஏன் பார் தேவைப்படுகிறது என்றும் சொல்ல வேண்டும். ஸ்பிரிங்கும் அப்சோர்பரும் ஒரே தூணாக இருக்கும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் கார்களில் பாடி இறங்கும் அளவைவிட, கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி அதிகமாக இறங்கிவிடும். எடைக்கும் அந்தப் புள்ளிக்கும் இடையே தூரம் கூடுவதால், சாய்க்கும் நெம்புகோல் நீண்டுவிடுகிறது. "இறக்கிய பிறகும் கார் சாய்கிறதே" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

முன்சக்கர டிரைவ் காரில் ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதென்றால் பின்பக்கத்தை மாற்றுங்கள். முன்பக்கம் தடித்த பார் போட்டால் வளைவின் உள்பக்க முன்சக்கரம் எடை இழந்து வெறுமனே சுற்றும். கார் வெளியே தள்ளும். பின்பக்கம் விறைத்தால் மூக்கு நன்றாகத் திரும்பும். ஆனால் அளவு மீறினால் ஈரச்சாலையில் வால் வீசும். கோலாலம்பூரில் மாலை மழையில் வீடு திரும்பாதவர் யார்? அதனால் கம்பெனி அளவைவிட ஒரு படி மட்டும் ஏறுங்கள். பாரில் லிங்க் மாட்டும் துளையை மாற்றும் வசதி இருந்தால் மிக மென்மையான துளையில் தொடங்குங்கள். முனைக்கு மிக அருகில் உள்ள, அதாவது கை நீளமாக இருக்கும் துளைதான் மென்மையானது.

4. கையில் இருக்க வேண்டியவை

தாழ்வான ஜாக்கி, இரண்டு ஜேக் ஸ்டேண்ட், சக்கரத்துக்குக் கட்டை, ரேட்செட், 12 முதல் 19 மி.மீ. வரை சாக்கெட்டும் ஸ்பேனரும், 5, 6 மி.மீ. அலன் கீ, டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக முடுக்குகிறோம் என்று அளக்கும் ஸ்பேனர்), துரு இளக்கும் ஸ்பிரே, வயர் பிரஷ், சிலிகான் கிரீஸ், வெள்ளை மார்க்கர். சின்னப் பிள்ளைகள் விளையாடும் களிமண் ஒரு கட்டி. எதற்கு என்று பிறகு சொல்கிறேன். உங்கள் கார் மாடலுக்கான முறுக்கு அளவுகளைச் சர்வீஸ் மேனுவலில் பார்த்து ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கிரீஸ் கையோடு போனைத் தடவிக்கொண்டிருக்க முடியாது.

முதல் நாள் இரவே லிங்க் நட்டுகளை வயர் பிரஷால் தேய்த்து ஸ்பிரே அடித்து வையுங்கள். காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் மதிய வெயிலுக்கும் மாலை மழைக்கும் முன்பு முடித்துவிடலாம்.

5. காரைத் தூக்குவது

தாழ்த்திய காருக்கு அடியில் ஜாக்கி நுழையாது. 4, 5 செ.மீ. தடிமனுள்ள இரண்டு பலகையைச் சக்கரத்துக்கு முன் வைத்து, மெதுவாக அவற்றின் மேல் ஓட்டி நிறுத்துங்கள். இப்போது ஜாக்கி போகும்.

மறுமுனைச் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். நாம் வேலை செய்யும் அச்சின் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துத் தூக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் தொங்கும் சக்கரமும் தரையில் நிற்கும் சக்கரமும் பாரை முறுக்கிவைத்திருக்கும். நட்டைக் கழற்றியதும் லிங்க் துள்ளி விரலைப் பதம் பார்க்கும்.

பளபளப்பான டைல்ஸ் போட்ட போர்ச்சில் ஜேக் ஸ்டேண்ட் வழுக்கும். அதன் கீழே ரப்பர் பாய் அல்லது பிளைவுட் துண்டு போடுங்கள். சிமெண்ட் செங்கல் மேல் காரை நிறுத்தவே கூடாது; முன்னறிவிப்பு இல்லாமல் உடையும். ஸ்டேண்டில் இறக்கிய பிறகு காரை இரண்டு கையாலும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் இறக்கி மறுபடி வையுங்கள். அதற்குப் பிறகுதான் அடியில் தலை போகலாம்.

6. பழையதைக் கழற்றுவது

லிங்க்கின் நட்டைத் திருப்பும்போது உள்ளே இருக்கும் பால் ஜாயிண்டும் (உருண்டை மூட்டும்) சேர்ந்து சுற்றும். அதன் முனையில் உள்ள அறுகோணக் குழியில் அலன் கீயைப் போட்டு அசையாமல் பிடித்து, நட்டை மட்டும் ஸ்பேனரால் திருப்புங்கள். குழிக்குள் மண் அடைத்திருக்கும். ஊசியால் சுத்தம் செய்யாமல் அலன் கீயைப் போட்டால் ஆழமாக இறங்காது, குழி உருண்டுவிடும். அப்புறம் கிரைண்டர்தான்.

அடுத்து, புஷ்ஷைப் பிடித்திருக்கும் பிராக்கெட் போல்ட்டுகள். இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக இளக்குங்கள்.

சில கார்களில் முன் பார் வெளியே வர சப்ஃப்ரேமை (பாடிக்கு அடியில் போல்ட் போட்ட சட்டத்தை) இறக்க வேண்டியிருக்கும். இறக்குவதற்கு முன் அது பாடியில் உட்காரும் இடத்தைச் சுற்றி மார்க்கரால் கோடு போடுங்கள். அதே கோட்டில் திரும்ப வைத்தாலும் அலைன்மெண்ட் பார்த்தே ஆக வேண்டும். முதல் முறை செய்பவர் சப்ஃப்ரேம் இறக்கும் வேலையைத் தனியாகத் தொடாமல் இருப்பது நல்லது.

பழைய பாரையும் லிங்க்கையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். காரை விற்கும்போது பெயர் மாற்றத்துக்கு முன் வாகனச் சோதனை வரும்; கம்பெனிப் பாகங்கள் கையில் இருந்தால் நிம்மதி.

7. புதிய பாரைத் தொங்கவிடுவது

பழையதையும் புதியதையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வளைவுகள் ஒத்துப்போகின்றனவா, எந்தப் பக்கம் மேலே என்று பாருங்கள். தலைகீழாக மாட்டிவிட்டு ஒரு மணி நேரம் குழம்பியவர்கள் உண்டு.

பாலியூரித்தேன் புஷ் என்றால் உள்பக்கம் சிலிகான் கிரீஸ் தாராளமாகப் பூசுங்கள். வறண்டு போனால் ஒவ்வொரு பொங்கோலிலும் (வேகத்தடையிலும்) கீச்சென்று கத்தும். ரப்பர் புஷ்ஷுக்குச் சாதாரண கிரீஸ் ஆகாது, எண்ணெய் ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும்; சோப்புத் தண்ணீர் போதும்.

பிராக்கெட் போல்ட்டுகளைக் கையால் மட்டும் முடுக்குங்கள். பார் இடது வலதாக நகர இடம் இருக்கட்டும். இருபுறமும் ஒரே அளவு வெளியே நீட்டியிருக்கிறதா என்று அளந்து நடுவில் வையுங்கள். கூடவே வளையம் வந்திருந்தால், புஷ்ஷை ஒட்டிப் பூட்டுங்கள்; பார் பக்கவாட்டில் நகராது.

இப்போது ஒரு சோதனை. லிங்க் எதுவும் மாட்டாமல், பிராக்கெட்டைத் தற்காலிகமாக முறுக்கிவிட்டு, பாரின் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஒரு கையால் சீராகச் சுழல வேண்டும். இறுகிக்கொண்டால் புஷ் அளவு தவறு, அல்லது பிராக்கெட் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. இதைப் பார்க்காமல் மேலே போனால், கார் ஏன் கல் போல் ஓடுகிறது என்று பிறகு அப்சோர்பரைக் குறை சொல்வீர்கள். சரியாக இருந்தால் பிராக்கெட்டை மறுபடி இளக்கிவிடுங்கள்.

8. லிங்க் நீளம்: கார் தன் காலில் நிற்கும்போது

போன வருடம் உறவுக்காரப் பையன் ஒருவன் தன் பெர்சோனாவோடு வந்தான். "அண்ணே, புது பார் போட்டதிலிருந்து கார் வலது பக்கம் நல்லாத் திரும்புது, இடது பக்கம் திரும்ப மாட்டேங்குது." காரைச் சமதரையில் நிறுத்தி, ஒரு பக்க லிங்க்கின் நட்டைக் கழற்றினேன். போல்ட் வெளியே வரவில்லை. சுத்தியலால் மெல்லத் தட்டியதும், டங்கென்று பாரின் முனை கிட்டத்தட்ட ஒரு விரல் அகலம் கீழே குதித்தது. கார் சும்மா நிற்கும்போதே கம்பி அவ்வளவு முறுக்கத்தில் இருந்திருக்கிறது. சக்கரம் காற்றில் தொங்கும்போது, ஒரு பக்கத்தை ஜாக்கியால் நெம்பி, துளையைச் சேர்த்து முடுக்கியிருக்கிறான்.

இதைத் தவிர்க்கும் வரிசை இது:

முதலில் ஸ்டேண்டை எடுத்து, காரின் எடை முழுக்கச் சக்கரத்தில் இறங்க வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் அடியில் ஒரே உயரத்தில் கெட்டியான மரப்பலகை அடுக்கி அதன் மேல் நிறுத்தினால், எடையும் சக்கரத்தில் இருக்கும், கை போகவும் இடம் கிடைக்கும். வேலை செய்யும் அச்சை மட்டும் உயர்த்தினாலும் பரவாயில்லை, ஆனால் இடதும் வலதும் ஒரே உயரம் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. கை பிரேக், கட்டை இரண்டும் இருக்கட்டும்.

காரை இரண்டு மூன்று முறை அமுக்கி ஆட்டி, ஸ்பிரிங்கைப் படியவிடுங்கள். ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்குச் சமமாக ஏதாவது வையுங்கள். எங்கள் வீட்டில் 10 கிலோ அரிசி மூட்டைகள்தான் இதற்கு. பெரும்பாலும் தனியாக ஓட்டுபவருக்கு இது வித்தியாசம் தரும், ஏனென்றால் ஓட்டுநர் உட்கார்ந்ததும் அந்தப் பக்கம் சில மி.மீ. இறங்கும்.

பிறகு ஒரு பக்கத்து லிங்க்கை மட்டும் மாட்டுங்கள். லிங்க்கும் பாரின் கையும் சேரும் இடத்தில் ஏறக்குறைய 90 டிகிரி வருமாறு நீளத்தைத் திருகுங்கள். சாய்ந்து நிற்கும் லிங்க், விசையில் ஒரு பகுதியைப் பக்கவாட்டில் வீணாக்கும். பால் ஜாயிண்டும் சீக்கிரம் தேயும். இந்த முதல் லிங்க், பார் எந்தக் கோணத்தில் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

இப்போது மறுபக்கம். பாரின் துளைக்கு எதிரே லிங்க்கைப் பிடித்து, நீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். போல்ட் இரண்டு விரலால் தள்ளினாலே உள்ளே போய்விட வேண்டும். சுத்தியல் வேண்டாம், நெம்புகோல் வேண்டாம். விரலால் போகும் நிலைதான் முறுக்கமே இல்லாத நிலை. இரண்டு லிங்க்கும் ஒரே நீளமாக வராவிட்டால் பதறாதீர்கள், சில மி.மீ. வித்தியாசம் இயல்பு. இரண்டையும் ஒரே நீளம் ஆக்கிப் பிறகு அடித்து நுழைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

நீளம் மாறாமல் பூட்டும் லாக் நட்டை முடுக்கும்போது லிங்க்கின் இரு முனையையும் அசையாமல் பிடியுங்கள். பிடிக்காவிட்டால் நட்டோடு முனையும் சுற்றி, பால் ஜாயிண்ட் ஒரு ஓரத்தில் முட்டி நிற்கும். முதல் பள்ளத்திலேயே டக் டக்கென்று சத்தம் வரும். முடுக்கிய பிறகு லிங்க்கின் நடுப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் உருட்டுங்கள். இரு திசையிலும் ஒரே அளவு ஆட வேண்டும். மரை எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பதும் முக்கியம்: தண்டின் தடிமனைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். 10 மி.மீ. தண்டுக்கு 15 மி.மீ.

எல்லாம் சேர்ந்த பிறகே பிராக்கெட் போல்ட்டுகளையும் லிங்க் நட்டுகளையும் மேனுவல் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். ஒவ்வொரு நட்டின் மேலும் போல்ட் வரை ஒரு வெள்ளைக் கோடு போடுங்கள். பிறகு குனிந்து பார்த்தாலே இளகியதா என்று தெரியும்.

9. எங்கே இடிக்கும்?

மறுபடி தூக்கி, சக்கரம் முழுக்கத் தொங்கும் நிலையில் பாருங்கள். பார் அல்லது லிங்க் எதையாவது தொடுகிறதா? லிங்க் பாரோடு நேர்கோட்டுக்கு வந்து எதிர்ப்பக்கம் மடங்கிவிடும் அபாயம் இருக்கிறதா? ஸ்டீரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி டை ராட் (சக்கரத்தைத் திருப்பும் தண்டு), பிரேக் ஹோஸ், சக்கர சென்சர் வயர் மூன்றையும் பாருங்கள். அப்புறம் லோவர் ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைத்து, கார் ஸ்டேண்டிலிருந்து எழும்பத் தொடங்கும் வரை மெதுவாக ஏற்றிப் பாருங்கள்; எழும்பத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். இந்த நேரத்தில் அடியில் படுக்க வேண்டாம், பக்கத்திலிருந்து டார்ச் அடித்தால் போதும்.

களிமண் இப்போதுதான். பாருக்கு மிக நெருக்கமாக இருக்கும் அசையாத பாகத்தில், சப்ஃப்ரேமோ எக்ஸாஸ்ட் அருகில் உள்ள தகடோ, ஒரு உருண்டை ஒட்டுங்கள். சுற்றும் டிரைவ் ஷாஃப்டில் ஒட்டாதீர்கள், தெறித்துவிடும். ஷாஃப்டுக்கு நேராகப் பாரின் மேல் ஒட்டுங்கள். ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், எவ்வளவு நெருங்கியது என்று களிமண்ணின் தடிமனே சொல்லும். 10 மி.மீ.க்குக் குறைவாக மிஞ்சியிருந்தால் லிங்க் நீளத்தை மாற்றுங்கள், அப்போது 8-ஆம் படியை முழுக்க மறுபடி செய்யுங்கள்.

10. முதல் ஓட்டம்

சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் சரிபார்த்துவிட்டு, தாமானுக்குள்ளேயே (குடியிருப்புப் பகுதிக்குள்) தொடங்குங்கள். பொங்கோல் மேல் இரண்டு சக்கரமும் நேராக ஏறும்போது பழைய காரைப் போலவே இருக்க வேண்டும். அங்கேயே விறைப்பு தெரிந்தால் புஷ் இறுகியிருக்கிறது.

அடுத்து, வீட்டு வாசலில் சாக்கடை மேல் போட்ட சிலாப்பில் சாய்வாக ஏறுங்கள். ஒரு சக்கரம் ஏற, மறு சக்கரம் தாழ, பார் அதிகமாக முறுக்கப்படுவது இந்த இடத்தில்தான். வேகம் நடக்கும் வேகம், ரேடியோ அணைத்து, கண்ணாடி இறக்கி, காது கொடுத்துக் கேளுங்கள். டக் என்றால் லிங்க். கீச் என்றால் புஷ். கர்ரென்று உரசினால் இடைவெளி, உடனே நிறுத்துங்கள்.

பிறகு காலியான ரவுண்டபவுட் ஒன்றில் மெதுவாக இரண்டு சுற்று, அதன்பின் எதிர்த்திசை வளைவுள்ள சாலை. இடதும் வலதும் ஒரே மாதிரி உணர வேண்டும். வித்தியாசம் தெரிந்தால் பாரில் இன்னும் முறுக்கம் மிஞ்சியிருக்கிறது.

பத்துமலைப் பக்கமிருந்து உலு யாம் போகும் வளைவு நிறைந்த சாலைக்கு அன்றே ஓடாதீர்கள். பின் பார் விறைத்த முன்சக்கர டிரைவ் கார், வளைவின் நடுவில் திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால் வாலைத் தூக்கி எறியும். ஈரத்தில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஒரு வாரம் வேலைக்குப் போய் வரும் பாதையில், காய்ந்த சாலையிலும் மழையிலும் ஓட்டி, காரின் புதுக் குணத்தைக் கை பழகட்டும். மழையில் பின்பக்கம் பதற்றமாகத் தெரிந்தால் மென்மையான துளைக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே மென்மையான துளையில்தான் இருக்கிறது என்றால் முதலில் பின் டயரைப் பாருங்கள். பழைய டயர் இரண்டைப் பின்னால் தள்ளிவிட்டு நல்லதை முன்னால் போடும் பழக்கம் பலருக்கு உண்டு. இந்தப் பார் போட்ட காரில் அது ஆபத்து.

100 கி.மீ. ஓடிய பிறகு வெள்ளைக் கோடுகளைப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் மேனுவல் அளவுக்கு மறுபடி முடுக்கி, பழைய கோட்டை அழித்துப் புதுக்கோடு போடுங்கள். பாலியூரித்தேன் புஷ் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிராக்கெட்டைத் திறந்து கிரீஸ் கேட்கும். நம் ஊர் மழையில் சில நேரம் அதற்கு முன்பே.